ஏழாங்கட்டை வரை

வெள்ளிக்கல் வீதியில், தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே மண் சரிந்து பாதை மூடிவிட்டது என்ற செய்தி நிரூபாவுக்கு வந்தபோது காலை எட்டு மணி. அலுவலகத்துக்குள் நுழைந்து குடையைக்கூட மடக்கவில்லை.

"ஆக்களுக்கு ஏதும்...?" என்றுதான் முதலில் கேட்டாள்.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றார் தொலைபேசியில் பேசிய கிராம சேவகர். வடிகால் கானில் ஓடிய தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானதைப் பார்த்த பேச்சியம்மா என்ற பெண், இரண்டு லயத்து வரிசை வீடுகளின் ஆட்களையும் கிளப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்விட்டாளாம். அதற்குப் பிறகுதான் மலை வந்ததாம். நிரூபா நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு அலுமாரியிலிருந்து ஆகஸ்ட் மாதக் கோப்பை இழுத்து எடுத்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. வடக்கே கொடிகாமத்துக்காரியான அவள் வீதி அலுவலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக மலைநாட்டுக்கு வந்து ஒன்றரை வருடம். ஆகஸ்ட் மாதம் வெள்ளிக்கல் தோட்டத்திலிருந்து அறுபத்திரண்டு பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று அவள் மேசைக்கு வந்தது. தொழிற்சாலைக்கு மேலே வீதியோரக் கான் தூர்ந்துவிட்டது, மேல்கரையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, ஒரு தடவை வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவள் பதிவேட்டைத் திறந்தாள். வெள்ளிக்கல் வீதி, நீளம் ஏழு கிலோமீற்றர் என்றிருந்தது. தொழிற்சாலையோ அதற்கும் அப்பால். 'அப்பகுதி எமது பொறுப்பிலுள்ள வீதியல்ல. தோட்ட நிர்வாகத்தை அணுகவும்' என்று பதில் எழுதிக் கையெழுத்து வைத்தாள். அவள் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் போய்ப் பார்க்கவுமில்லை.

பெரிய வீதியுமில்லை அது. டயகம போகும் பாதையில் பாலத்தடிச் சந்தியில் பிரிந்து, ஆற்றை உரசிக்கொண்டு கொஞ்சத் தூரம் போய், பிறகு தேயிலைக்குள் ஏறி, வளைந்து வளைந்து மலையின் தோளில் ஒரு கடைவாசலோடு நின்றுவிடும். வெள்ளைத் துரைமார் காலத்தில், தேயிலைப் பெட்டிகளை மாட்டுவண்டியில் ரயிலுக்கு இறக்கப் பாறையை உடைத்துப் போட்ட பாதை. பிறகு அரசாங்கம் பொறுப்பெடுத்துக் தூரக்கல் நட்டது, வீதிக்கு அடியால் தண்ணீர் போக மதகு கட்டியது, தார் ஊற்றி பஸ்ஸும் விட்டது. இடையில் எப்போதோ மேல்பாதியை எல்லோரும் கைவிட்டார்கள். தார் போய்ச் சல்லி தெரிந்தது, சல்லி போய்க் குழி விழுந்தது. கேட்டால் தோட்டக் கம்பனி அரசாங்கத்தைக் கைகாட்டும். அரசாங்கம் கம்பனியைக் கைகாட்டும்.

மண் சரிந்து பத்து நாளாகியும் அந்தக் கைகாட்டல் ஓயவில்லை. ஒரு பெக்கோ இயந்திரம் வந்தால் ஒரு வாரத்து வேலை. யார் அனுப்புவது என்பதுதான் கேள்வி. இருநூற்று நாற்பது குடும்பம் மேலே மாட்டிக்கொண்டிருந்தது. பதினோராம் நாள் நிரூபா யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள்.

பாலத்தடிச் சந்தியில் மீற்றரைப் பார்த்துக்கொண்டாள். ஏழாவது கிலோமீற்றர் வந்த இடத்தில் நிறுத்தினாள். ஒரு வளைவு, இரண்டு பக்கமும் தேயிலை. ஒரு கல் இல்லை, பலகை இல்லை. அரசாங்க வீதி ஒன்று இப்படி நட்டநடுவிலா முடியும்? முதல் தடவையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.

பத்தரைக் கிலோமீற்றரில் மண்மேடு வழியை அடைத்தது. சேற்றுக்கு மேலே ஆட்கள் மிதித்து மிதித்து ஒற்றையடித் தடம் போட்டிருந்தார்கள். அரிசி மூட்டையோடு நாலைந்து பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள், ஐம்பது வயதிருக்கும், மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கை நீட்டினாள்.

"பாத்து வாங்க மிஸ், அந்தப் பக்கம் கால வச்சா உள்ள போயிரும். எங்கருந்து வர்றீங்க?"

"வீதி ஒப்பீசில இருந்து." பிறகு, சொல்லாமல் தப்பிவிட மனம் வராமல், "உங்கட மனுவுக்குப் பதில் போட்டது நான்தான்" என்றாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நிரூபா மிஸ்ஸா?" என்றாள் மூத்தவள். "பேரப் படிச்சோம். சிங்களப் பேரா இருந்தா போகட்டும்னு விட்டிருப்போம். நம்ம பேரா இருந்துச்சா, அதான் கோவம் கூட வந்துச்சு." மூட்டையை மறுபடி தலைக்கு ஏற்றினாள். "நான் பேச்சியம்மா. வந்துட்டீங்கல்ல, வாங்க."

அவ்வளவுதான். திட்டு வாங்க ஆயத்தமாக வந்தவளுக்கு அது திட்டைவிடக் கனமாக இருந்தது. இருந்தும் மூச்சு கொஞ்சம் இலேசானது. பழக்கத்தில் அடிகளை எண்ணிக்கொண்டே அவர்கள் பின்னால் நடந்தாள். எண்ணூறு மீற்றர் போனதும் வீதி முடிந்தது. அங்கே ஒரு கடை. 'ஏழாங்கட்டை ஸ்டோர்ஸ்' என்று பலகை.

கடைக்காரர் பைஸர் வெளியே வந்தார். "அல்லாவே, முட்டி மட்டும் சேறு. உள்ளுக்கு வாங்க மிஸ். றுக்கையா, பிளேன்ரீ ஒண்டு ஊத்துங்க" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

நிரூபா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் ஏழாங்கட்டை எண்டு பேர்?"

"இந்த எடத்துக்கே அதான் பேரு மிஸ். அந்தா கல்லு ஈக்கி. வாப்பா கடை போட முந்தியே இங்க நிண்ட கல்லு."

வாசலோரம் பாசி பிடித்த கல் ஒன்று நின்றது. நிரூபா குனிந்து கையால் துடைத்தாள். ஏழு.

கட்டை! பள்ளிக்கூடம் இரண்டு கட்டைத் தூரம் என்று ஊரில் அப்பா சொல்வது எந்தக் கணக்கில்? மைல். ஏழு மைல் என்றால் பதினொன்றேகால் கிலோமீற்றர் சொச்சம். மீற்றரும் அவளது அடிகளும் சொன்னது அதே தூரம். மைலைக் கிலோமீற்றராக மாற்றிய காலத்தில் யாரோ ஒருவர் 'ஏழு மைல்' என்பதில் மைலை மட்டும் வெட்டிவிட்டு ஏழை அப்படியே விட்டுவிட்டார். நாலு கிலோமீற்றர் வீதி ஒரு பேனாக் கீறலில் காணாமல் போயிருக்கிறது.

"பைஸர் நானா, இது எங்கட ரோட்டு" என்றாள். சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுநாள் பிரதம பொறியியலாளர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் கல்லை யாரும் இடம் மாற்றி நடலாமே என்றார். நமது புத்தகத்திலேயே ஏதாவது இருந்தால் கொண்டு வா, நான் கையெழுத்து வைக்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னார்.

அவள் பதிவேட்டை மறுபடி திறந்தாள். பழைய பிரதியைக் கறையான் தின்றிருந்தது. இருக்கும் ஒரே வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள். நீளம் ஏழு. அகலம் பன்னிரண்டடி. மதகுகள் நாற்பத்திமூன்று.

மதகு! நீளத்தை மாற்றலாம். மதகின் எண்ணிக்கையை மாற்ற ஒரு காரணமுமில்லையே.

ஞாயிற்றுக்கிழமை சந்தியிலிருந்து நடந்தே எண்ணினாள். கீழே இறங்கி வந்திருந்த பேச்சியம்மாவும் இரண்டு பெண்களும் கூடவே வந்தார்கள். ஏழு கிலோமீற்றருக்குள் இருபத்தாறு. அதற்கு மேலே பாதி மதகுகள் புல்லுக்குள் கிடந்தன; பெண்களுக்கு ஒவ்வொன்றும் மனப்பாடம். "இங்கதான் கொழுந்து நிறுக்க முந்தி மழைக்கு ஒதுங்குவோம்", "இதுல பாம்பு இருக்கும், எட்டி நில்லுங்க மிஸ்." கடைவாசல் போய்ச் சேர்ந்தபோது நாற்பத்திரண்டு. ஒன்று குறைந்தது.

"மண்ணுக்கு அடியில இருக்கு" என்றாள் பேச்சியம்மா. "தண்ணி செவந்ததப் பாத்தேனே, அந்த மதகு."

அன்று பின்னேரமே ஆட்கள் மம்பட்டியோடு இறங்கினார்கள். இரண்டு மணி நேரம் தோண்டினார்கள். மூன்றாவது இடத்தில் மம்பட்டி 'டங்' என்று சத்தம் போட்டது. நிரூபா சேற்றுக்குள் முழங்காலிட்டுத் தடவினாள். கொத்திய கருங்கல், மற்ற மதகுகளில் பார்த்த அதே வேலை. நாற்பத்திமூன்று.

திங்கள் காலை பிரதம பொறியியலாளர் தானே ஜீப்பில் வந்தார். பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். நிரூபா வரைந்த படத்தில் ஒவ்வொரு மதகாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் ஒரு வசனம் சொன்னார். நிரூபா அதை மனதுக்குள் தமிழாக்கி முடிக்குமுன் பேச்சியம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"கேட்டீங்களா மிஸ்? 'அப்ப இது நம்ம பாததானே'ங்கிறாரு!"

அங்கேயே நின்று தொலைபேசியை எடுத்தார் அவர். மூன்றாம் நாள் இரண்டு பெக்கோ ஏறி வந்தன. நாலு நாளில் ஒரு பஸ் போகுமளவு பாதை திறந்தது. பதிவேட்டில் நீளத்தைத் திருத்தும் கடிதம் கொழும்புக்குப் போனது. மேல்கரைக்குத் தடுப்புச் சுவர் கட்டவும், கான் வெட்டவும் அளவெடுக்க நிரூபாவையே போகச் சொன்னார்கள்.

அளவுநாடாவோடு அவள், பாதை திறந்தபின் ஓடிய முதல் பஸ்ஸிலேயே ஏறிப் போனாள். சரிந்த இடத்தைக் கடக்கும்போது பஸ்ஸுக்குள் ஒருவரும் பேசவில்லை. கடந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைவாசலில் பஸ் திரும்பிக்கொண்டிருக்கும்போதே பேச்சியம்மா ஏறி, ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டாள். மழையால் இரண்டு தடவை தவறவிட்ட கண் கிளினிக்குக்கு நுவரெலியா போகிறாளாம்.

"அந்திக்குள்ள வந்துருவேன். சொவரு எங்க வருதுன்னு கோடு போட்டு வைங்க மிஸ், நானும் பாக்கணும்!" என்று ஜன்னல் வழியே கத்தினாள்.

பஸ் இறங்கிப் போனது. றுக்கையா சுடச்சுடத் தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் கொண்டு வந்து வைத்தாள். மண் சரிந்த நாளிலிருந்து சாப்பாட்டில் மனமே இல்லாமல் இருந்த நிரூபா இரண்டு ரொட்டியை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, வெட்கப்படாமல் மூன்றாவதும் கேட்டாள்.