மழையில் வற்றிய ஓடை

வெர்னின் மண்டையை உடைத்தது நான்தான். வருத்தம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஒரிகன் மலைக்காட்டில், ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் எடுக்கிற மீன் பண்ணை எங்களுடையது. பதினான்கு வருடமாக வெர்னும் நானும் இரண்டு பேர்தான் வேலைக்கு. இரண்டு லட்சம் சால்மன் குஞ்சுகளை முட்டையிலிருந்து வளர்த்தவன் வெர்ன். பெற்ற பிள்ளைகள் இருவரோடும் அவனுக்குப் பேச்சில்லை. குஞ்சுகளோடு மணிக்கணக்கில் பேசுவான்.

செப்டம்பரில் மேல்காடு எரிந்தது. வருடமெல்லாம் ஈரம் சொட்டுகிற, பாசி தொங்குகிற காடு. எரியாது என்றுதான் நம்பியிருந்தோம். எரிந்த மண் தண்ணீரைக் குடிக்காது. விழுகிற மழையை அப்படியே கீழே தள்ளிவிடும். அக்டோபரில் முதல் பெருமழை பிடித்த காலையில் ஓடை மையாகக் கறுத்து வந்தது.

வாய்க்கால் முகப்பில் உள்ள கம்பிச் சல்லடையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரியும் சாம்பலும் அடைத்தன. தண்ணீர் நின்றால் தொட்டிக் குஞ்சுகள் மூச்சுமுட்டிச் சாகும். இந்தத் தண்ணீர் தொட்டிக்குள் போனாலும் செவுளில் சாம்பல் அப்பிச் சாகும், கொஞ்சம் மெதுவாக. அந்தக் கொஞ்சத்துக்காக இடுப்பளவு நீரில் நின்று இரும்பு வாரியால் வாரிக்கொண்டிருந்தோம்.

பதினோரு மணிக்கு நீர் முழங்காலுக்கு இறங்கியது. மழை குறையவில்லை.

“பாத்தியா, இறங்குது. பொழச்சோம்,” என்று வெர்ன் சிரித்தான்.

நான் வாருவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தேன். கொட்டுகிற மழையில் ஓடை இறங்குமா? மேலே எங்கோ எரிந்த மரங்கள் சரிந்து தண்ணீரை மறித்திருக்கின்றன.

“மேல அடைச்சிருக்கு. இப்ப உடையும். கரையேறு.”

“நீ போ. நான் இத முடிச்சிட்டு வரேன்.”

“செத்துப்போவ, வெர்ன்.”

“நான் போனா அதுங்க சாகும். போடி.”

காலரைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தான். இரண்டு பற்களைத் துப்பிவிட்டு மறுபடி பிடித்தேன். என் கழுத்தைப் பிடித்துச் சல்லடையோடு அழுத்தினான். தினமும் சாப்பாட்டில் பாதியை எனக்குப் பிய்த்துத் தந்த கை அது. கண் இருட்டியது. தடவியதில் வாரி அகப்பட்டது. அவன் காதுக்கு மேலே ஓங்கி அடித்தேன். விழவில்லை. இன்னொன்று போட்டேன்.

நூறு கிலோ உடம்பை மேட்டுக்கு இழுத்துப் போட்டபோது மலையே இடிகிற சத்தம் கேட்டது. கரிந்த மரங்களும் பாறையும் சேறுமாக வந்த வெள்ளம் சல்லடை, தொட்டிகள், கொட்டகை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, எப்படி என்று கேட்டார்.

“மரம் அடிச்சிருச்சு,” என்றான் வெர்ன்.

டாக்டர் போனதும் என் வீங்கிய வாயைப் பார்த்தான்.

“ரெண்டு லட்சத்த விட்டுட்டு ஒருத்தன இழுத்துட்டு வந்திருக்கியே, கோரி. உனக்கு அறிவிருக்கா?”

என்னோடு அவன் கடைசியாகப் பேசியது அதுதான். அவன் பேசாதவர்கள் இப்போது மூன்று பேர். பேசாவிட்டால் போகட்டும். இருக்கிறானே.