யார் போட்ட உப்பு

மூன்று நாளாக வீட்டில் பேச்சு இல்லை. குக்கர் கத்தியது, பூனை கத்தியது. தீபனும் அவன் மனைவி பிரேமலாவும் வாயைத் திறக்கவில்லை.

செனாயில் தீபன் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடியதிலிருந்து பிரேமலாதான் வீட்டில் சமைத்து விற்கிறாள். அது வாடகைக்கே இழுபறி. "ஏஜெண்டு சிங்கப்பூருல ஹோட்டல் வேலை இருக்குங்கறாரு. அங்கேயே தங்கிக்கிறேன்" என்றாள், மூன்று நாளுக்கு முன்.

"அப்ப நான் எதுக்கு?"

"அதான் எனக்கும் தெரியல. இனிமே எங்கிட்ட பேசாதீங்க."

அதோடு பேச்சு நின்றது.

ஒரு வழி மிச்சம் இருந்தது. குளுவாங்கில் இருக்கும் நாச்சியம்மை ஆச்சி, பேத்தியின் அன்றைய நிச்சயதார்த்தத்துக்குச் சாம்பார் கேட்டிருந்தார். பிடித்துப்போனால் அவர் மகனின் கேன்டீனுக்குத் தினமும் சமைக்கலாம். பிரேமலா எங்கும் போக வேண்டாம்.

பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டு பிரேமலா விரதம். பொழுது சாயும்வரை நாக்கில் எதுவும் படக்கூடாது. ருசி பார்ப்பது தீபன் வேலை. சாம்பாரைக் கரண்டியில் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றாள்.

வாயில் வைத்தான். கடல். யார் செய்த வேலை என்று உடனே புரிந்தது. நல்லா இருக்கு என்று தலையாட்டிவிட்டால் சண்டை வராது; ஆனால் ஆச்சிக்குப் பிடிக்காது, ஆள் சிங்கப்பூர் போய்விடுவாள்.

"உப்பு கரிக்குது."

"பொய். அளந்துதான் போட்டேன். பொண்டாட்டி சம்பாதிச்சா உங்களுக்கு ஆகாது, அதானே?"

"நீயே வாயில வச்சுப் பாரு."

"விரதத்தையும் கெடுக்கணுமா?"

தீபன் காதைச் சொறிந்தான். "நீ குளிக்கப் போனப்ப நானும் போட்டேன். நீ உப்பு போட மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"பேசாதீங்கன்னு சொன்னது நீதான்லா."

"அலமாக், இதென்ன கூத்து!" கரண்டியை ஓங்கினாள். கை இறங்குவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நிக்கிறீங்களே, பருப்பை வேக வைங்க. கெழங்கு உரிங்க."

பருப்பும் கிழங்கும் சேர்ந்து சாம்பார் இன்னொரு பானைக்கும் ஆனது. மறுபடி கரண்டி நீண்டது. இந்த முறை நேராக அவன் வாய்க்கு.

"இன்னும் கொஞ்சம் புளித்தண்ணி."

ஊற்றினாள். "இப்ப?"

"இப்ப சரி."

மூடியைப் போட்டு அழுத்தினாள்.

சாயங்காலம் நிச்சயதார்த்தம் முடிந்ததும் ஆச்சி போன் செய்தார். திங்கட்கிழமையிலிருந்து கேன்டீனுக்குச் சமைக்கச் சொன்னார்.

பிரேமலா போனைத் தீபனிடம் நீட்டினாள். "ஏஜெண்டுகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் வரலேன்னு. வாய் இருக்குல்ல?"