ஒன்பதாவது உருண்டை

ஆவணி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு, ஒரகடம் சாலையில் இருக்கும் மின்னணு பொம்மைத் தொழிற்சாலையின் இரண்டாவது லைனில், நூற்றெண்பது கிராம் இருக்க வேண்டிய விளையாட்டுப் பெட்டி ஒன்று நாற்பத்தேழு கிலோ எடையுடன் வந்து சேர்ந்தது. அதைச் சோதித்து அனுப்ப வேண்டியவள் கவிப்பிரியா. விளாத்திகுளத்துப் பெண், வயது இருபத்திரண்டு. பெட்டி பெல்ட்டிலிருந்து நகர்ந்து வந்ததும் அவள் மேசையின் கால் மடங்கியது. கீழே விழுந்த பெட்டி தரையின் டைல்ஸ் இரண்டை நொறுக்கியது. பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

உள்ளங்கையில் அடங்கும் சாமான் அது. சின்னத் திரையில் ஒரு தராசு, தராசுக்குக் கீழே பன்னிரண்டு உருண்டைகள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றின் எடை மட்டும் வேறு. மூன்றே தடவை நிறுத்து அது எது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் ஆட்டம் ஆடி முடித்து ஓகே ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் கவிப்பிரியாவின் வேலை. ஒரு ஷிஃப்டுக்கு நானூறு ஆட்டம். எந்த ஆட்டத்திலும் அவளுக்கு விடை கிடைக்காமல் போனதில்லை.

சூப்பர்வைசர் சிவசங்கர் ஓடி வந்தான். மண்ணூரில் அவன் அப்பா நெல் போட்ட நிலத்தில்தான் இப்போது வேறொரு கம்பெனியின் லாரிகள் நிற்கின்றன.

"இன்னாம்மா, இதுக்குள்ள இன்னாத்த வெச்சுக்கீறே?"

"நான் ஒண்ணும் வைக்கல சார். வரும்போதே இப்படித்தான் வந்துச்சு."

இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப்போய் ஸ்டோரில் நிறுத்தார்கள். நாற்பத்தேழு. பிரித்து, போர்டு, திரை, பேட்டரி, மூடி என்று தனித்தனியாக நிறுத்தார்கள். எல்லாம் சேர்ந்து நூற்றெண்பது கிராம். திரும்பப் பூட்டினால் நாற்பத்தேழு கிலோ. எடை இயந்திரத்தைச் சரிபார்க்க ஆள் வந்து, பழுதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கவிப்பிரியா பெட்டியை உயிர்ப்பித்து ஆடிப் பார்த்தாள். ஒன்பதாவது உருண்டையை ஒரு தட்டில் வைத்து மற்ற பதினொன்றையும் எதிர்த்தட்டில் ஏற்றினாள். ஒன்பதாவதே கீழே நின்றது. அவள் வேறு எதையும் நிறுத்துப் பார்க்கவில்லை. அவர்கள் லைனில் ஒன்பதாவது இருக்கை கங்காவினுடையது.

நாங்குநேரியிலிருந்து வந்த கங்காவும் கவிப்பிரியாவும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில், ஒரே பாயில் இரண்டு வருஷம் படுத்தவர்கள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஸ்ரீபெரும்புதூர் மருந்துக்கடை வாசலில் இருந்த எடை மெஷினில் ஏறிய கங்கா, "நாப்பத்தேழுதான்டி. ஊர்ல இருந்து வரும்போது அம்பத்தி மூணு. கம்பெனி ஆறு கிலோ தின்னுட்டு" என்று சிரித்தாள். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் காய்ச்சலோடு வந்தாள். நான்காம் நாள், போகட்டுமா என்று கேட்டதற்கு, டார்கெட் முடியட்டும் என்றான் சிவசங்கர். மூன்று இருபதுக்கு இருக்கையிலிருந்து சரிந்தாள். கம்பெனி வேன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. அறையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. அங்கிருந்துதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போனது. வந்தவர்கள் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, உயிர் போய் நேரமாகிறது என்றார்கள்.

மறுநாள் மனிதவள அதிகாரி சுபஸ்ரீ, கவிப்பிரியாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தாள். உடம்பு முடியவில்லை என்று சொல்லி மதியம் ஒரு மணிக்கே கங்கா அறைக்குக் கிளம்பியதைக் கவிப்பிரியா பார்த்ததாக ஒரு தாளில் டைப் அடித்து வைத்திருந்தது. "சும்மா ஃபார்மாலிட்டிதான் கவி. பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரும் இருக்கு, தெரியும்ல?" கவிப்பிரியா டீயைக் குடிக்காமல் கையெழுத்தைப் போட்டாள்.

முதல் பெட்டி வந்தது கங்கா இறந்த பதினாறாம் நாள். பிறகு தினமும் மூன்று இருபதுக்கு ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமில்கூட வந்தது. லைனில் யாரும் அதற்காகக் கையை நிறுத்தவில்லை. அந்த ஒரு பெட்டிக்கென்று தள்ளுவண்டி ஒன்று ஒதுக்கப்பட்டது. அந்தப் பெட்டிகளைப் போட்டுவைத்த கழிவுக் கூண்டின் தரை ஐப்பசியில் அமுங்கியது. இரும்புத் தகடு போட்டார்கள். கார்த்திகையில் தகடும் வளைந்தது. அதற்குப் பிறகு பழைய இரும்புக் கடை ஸ்ரீதர் வாரத்துக்கு ஒரு நடை வந்து ஏற்றிக்கொண்டு போனான். கவிப்பிரியா பர்மனென்ட் ஆனாள். மூன்று பத்துக்கே அவளுக்கு நாக்கு வறளும். தண்ணீர் பாட்டிலை எடுப்பாள், குடிக்காமல் வைத்துவிடுவாள்.

மார்கழியில் கங்காவின் அப்பா வனமாமலை வந்தார். மகள் வேலை செய்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். கேட்டில் விடவில்லை. ஷிஃப்ட் பஸ்ஸுக்காக நின்ற பெண்களிடம் விசாரித்து விசாரித்துக் கவிப்பிரியாவிடம் வந்து சேர்ந்தார்.

"நீதானம்மா கவி? எம்புள்ள எங்க வச்சு செத்தா? ரூம்ல வச்சுன்னுதான் பேப்பர்ல எழுதிருக்கு."

பஸ் வந்தது. மற்றவர்கள் ஏறினார்கள். அவள் ஏறவில்லை.

"ரூம்ல இல்லப்பா. லைன்ல வச்சு. மூணு இருபதுக்கு. அந்தப் பேப்பர்ல கையெழுத்து நாந்தான் போட்டேன்."

அவர் அடிப்பார் என்று நினைத்து அசையாமல் நின்றாள். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கேட்டார்:

"தண்ணி கேட்டாளா?"

"கேட்டா. எந்திரிச்சா லைன் நின்னுபோகும்னு நான் எந்திரிக்கல."

அன்றே அவள் நடந்ததையெல்லாம் நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு அவர் கையில் கொடுத்தாள். சேதி கம்பெனிக்கு எட்டி, மறுநாள் அவளுடைய அட்டைக்குக் கேட் திறக்கவில்லை. அந்தத் தாள்களை வைத்து வனமாமலை கொடுத்த மனுவைத் தொழிலாளர் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை. உண்மை வெளியே வந்தால் பெட்டிகள் நின்றுவிடும் என்று லைனில் சிலர் பேசிக்கொண்டார்கள். நிற்கவில்லை.

வனமாமலை ஊருக்குத் திரும்பும் முன் ஸ்ரீதரின் கடைக்குப் போய்க் குவியலிலிருந்து ஒரு பெட்டியைக் கேட்டார். ஸ்ரீதர் ஏன் என்று கேட்காமல் ஆட்டோவரைக்கும் ஒரு கை பிடித்தான். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் அவரும் கவிப்பிரியாவும் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி, மூன்று பேர் இருக்கையில் பெட்டியை ஜன்னலோரம் வைத்தார்கள். மெத்தை ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியது. கூட்டம் ஏறி, பஸ் கிளம்பிய பிறகு கண்டக்டர் வந்தார். நின்றுகொண்டிருந்த ஒருவர், அந்தப் பெட்டியைக் கீழே வைத்தால் தான் உட்காரலாமே என்றார். கண்டக்டர் குனிந்து, அமுங்கிய மெத்தையைப் பார்த்தார்.

"அங்க ஆள் இருக்குல்ல, பாக்கலியா?" என்று அவரிடம் சொல்லிவிட்டு, வனமாமலை பக்கம் திரும்பி, நாங்குநேரிக்கு மூன்று சீட்டு கிழித்துக் கொடுத்தார்.