நாற்பத்தொரு மில்லிமீட்டர்

எத்தனை பேர் அடித்தார்கள் என்று போலீஸ்காரர் கேட்டபோது, ஆறு பேர் என்று சொன்னேன். அன்றைக்கு அது சரியான பதில். ஏழாவது ஆள் மூன்று மாதம் கழித்துத்தான் அடித்தார். அந்த ஆளைப் பற்றி நான் யாரிடமும் புகார் சொல்லவில்லை.

என் பெயர் ஞானசீலன். ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். பள்ளி மைதானத்து மூலையில், கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி இருக்கிறது. மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில், அவ்வளவுதான். தினமும் காலை எட்டரைக்கு அதைத் திறந்து, பாட்டிலில் சேர்ந்த தண்ணீரை அளந்து, பதிவேட்டில் எழுதி, தாலுகா ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டும். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஜூலை முதல் வாரத்திலிருந்து நான் எழுதியதெல்லாம் பூஜ்யம்தான்.

அந்த ஜூலையில் மேலேயிருந்து ஓர் உத்தரவு வந்தது. தொடர்ந்து நாற்பத்தைந்து நாள் மழை பதிவாகாத ஊரிலிருந்து தண்ணீரை லாரியில் வெளியே கொண்டுபோகக் கூடாது. எங்கள் ஊருக்கு அது உயிர்ப் பிரச்சினை. மேற்கே இருக்கிற ஊர்களில் டேனரிக் கழிவு இறங்கிக் கிணறுகள் எல்லாம் எப்போதோ நாறிவிட்டன. டேனரிகளுக்கே தோல் கழுவ நல்ல தண்ணீர் எங்களிடமிருந்துதான் போனது. பஞ்சாயத்துத் தலைவர் சுப்பராயன் ஆற்றோரம் நாலு போர் போட்டு, தினம் முப்பது லாரி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் போர் உறிஞ்ச உறிஞ்ச, மற்றவர்கள் கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது.

பூஜ்யம் எழுதுகிறவன் நான் என்பதால் உத்தரவின் நகல் எனக்கும் வந்தது. அதை லேப் கதவில் ஒட்டினேன். என் பூஜ்யம் ஊரைக் காப்பாற்றப் போகிறது என்று மனசுக்குள் ஒரே கர்வம். ஆனால் வெளியே மூச்சு விடவில்லை. மழைமானி என்பது மழையைப் பிடித்து வைத்துக்கொள்கிற மிஷின் என்று நம்புகிறவர்களிடம் மில்லிமீட்டரைப் பற்றி என்ன பேசுவது? லாரி நின்றால் தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடியேற்ற வந்த சுப்பராயன், மிட்டாயைச் சப்பிக்கொண்டே லேப் கதவு முன்னால் நின்றார். உத்தரவை இரண்டு முறை படித்தார். அந்த ஊரில் அதைப் படித்துப் புரிந்துகொண்ட இன்னொரு ஆள் அவர்தான்.

"இன்னிக்கி எத்தினியாவது நாள் சீலா?" என்று கேட்டார்.

"நாற்பத்திரெண்டு" என்றேன். மடையன், அதைப் பெருமையோடு வேறு சொன்னேன்.

மறுநாளே டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. தினம் காலையில் உட்கார்ந்து பூஜ்யம் பூஜ்யம் என்று எழுதுகிறானே, அந்த எழுத்துதான் மழையைக் கட்டிப் போட்டிருக்கிறது என்று. யார் கிளப்பியது என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு போய்விட்டேன்.

மழை பொய்த்த வருஷத்தில் எங்கள் பக்கம் கொடும்பாவி கட்டுவார்கள். ஊரில் யாரோ செய்த பாவத்தால்தான் மழை நிற்கிறது என்று, வைக்கோலில் ஓர் ஆள் செய்து தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து அழுது, கடைசியில் கொளுத்திவிடுவார்கள். அந்த வருஷம் மாடுகளுக்கே வைக்கோல் இல்லை. கொடும்பாவிக்கு எங்கே போவது?

நாற்பத்தைந்தாவது நாள் காலை, மழைமானியின் பூட்டைத் திறக்கக் குனிந்தபோது என் பின்மண்டையில் முதல் அடி விழுந்தது. திரும்பிப் பார்த்தால் என் எதிர்வீட்டுச் சாமிநாதன். முந்தின வாரம்தான் அவன் சைக்கிளுக்கு நான் பஞ்சர் ஒட்டிக் கொடுத்திருந்தேன். அவனோடு இன்னும் ஐந்து பேர். வயிற்றில் மிதித்தார்கள். என் இரண்டு கணுக்காலையும் தாம்புக் கயிற்றில் கட்டி இழுத்தார்கள். பள்ளி கேட்டிலிருந்து மாரியம்மன் கோயில் வரை ஜல்லி ரோடு. முதுகில் சட்டை போனது, அப்புறம் தோல் போனது. முன்னால் மேளம், பின்னால் பெண்கள் மாரடித்துக்கொண்டு ஒப்பாரி. என் பெயரைச் சொல்லியே அழுதார்கள். நான் செத்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மறுபடி மைதானத்துக்கே இழுத்து வந்து வேலி ஓரம் போட்டார்கள். தலையில் ஏதோ ஊற்றினார்கள். மண்ணெண்ணெய். கண் எரிந்தது. சுப்பராயன் வேப்பமரத்தடியில் கை கட்டி நின்றார்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு கமலம் வந்தார். சாமிநாதன் சம்சாரம். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். கையில் பூஜைக்கு எடுத்து வந்த சொம்பு.

"கொளுத்தாதீங்கடா பாவிங்களா! அந்தப் பானையில தண்ணி இருந்தா அவன் எழுதித்தானே ஆவணும்? பூஜ்யத்த அழிச்சிட்டா போதுமில்ல?" என்று கத்தி, சொம்புத் தண்ணீரை அப்படியே மழைமானிப் புனலில் ஊற்றினார். அவர் கிணற்றுத் தண்ணீர்.

என்னைக் காப்பாற்றத்தான் ஊற்றினார். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

சுப்பராயன் இப்போதுதான் வாயைத் திறந்தார். "அளந்து எழுதச் சொல்லுங்கப்பா."

அளந்தேன். நாற்பத்தொரு மில்லிமீட்டர். பேனாவைக் கையில் திணித்தார்கள். நான் எழுதவில்லை. வாயில் ரத்தத்தோடு கத்தினேன்: இன்னிக்குப் பூஜ்யம் எழுதினால் நாளைக்கு லாரி நின்றுவிடும், உங்கள் கிணறு பிழைக்கும், கதவில் உத்தரவு ஒட்டியிருக்கிறது, போய்ப் பாருங்கள். மேளச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. பற்கள் இரண்டு உடைந்திருந்ததால் எனக்கே என் பேச்சு புரியவில்லை.

சாமிநாதன் என் வலது கையைக் கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் குத்தினான். ஒரு விரல். "எழுதுடா!" இரண்டாவது விரல். மூன்றாவது விரல் நொறுங்கியதும் இடது கையால் எழுதிவிட்டேன். 41. வீரன் இல்லை நான். சுப்பராயன் தன் செல்போனிலேயே தாலுகா ஆபீசுக்குப் போட்டு என் காதில் வைத்தார். சுற்றுவட்டாரத்தில் எங்கும் ஒரு சொட்டு இல்லை, உங்கள் ஊரில் மட்டும் எப்படி நாற்பத்தொன்று என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. குறித்துக்கொண்டார்கள்.

நாற்பத்தைந்து நாள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. போதாக்குறைக்கு ஆறாம் நாள் நிஜமாகவே ஒரு தூறல் போட்டது. மூன்று மில்லிமீட்டர் இருக்கும். ஊரே ஆடியது. எழுதினான், வந்துவிட்டது! சாமிநாதன் ஆஸ்பத்திரிக்குப் பொங்கல் தூக்கில் கொண்டுவந்து, "மனசுல வெச்சிக்காதப்பா, நல்லதுதானே ஆச்சி" என்று எனக்கு ஊட்டிவிட்டான். அந்தக் கையைக் கடித்திருக்க வேண்டும். பல் இல்லை, விழுங்கினேன்.

லாரிகள் நிற்கவில்லை. இடையிடையே எட்டிப் பார்த்த தூறல்கள் உத்தரவைத் தாண்ட சுப்பராயனுக்குப் போதுமாக இருந்தன, கிணறுகளுக்குப் போதவில்லை. நவம்பரில் கமலம் அக்காவின் கிணற்றில் மோட்டார் சேற்றை இழுத்துப் புகைந்து நின்றது. அரை ஏக்கர் வேர்க்கடலையும் காய்ந்தது. சாமிநாதன் டேனரியில் தோல் சுமக்கப் போய்விட்டான்.

ஒரு மத்தியானம் கமலம் அக்கா லேப் வாசலுக்கு வந்தார். என் மடங்காத விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி வாயில ரத்தத்தோட இன்னாவோ சொன்னியே தம்பி. இன்னா அது?"

சொன்னேன். உத்தரவு, நாற்பத்தைந்து நாள், லாரி, பூஜ்யம், அவர் ஊற்றிய சொம்பு. எல்லாம் சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை. கேட்டுக்கொண்டே கதவில் மஞ்சளாகிப்போன காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்போலேர்ந்து இங்க இருக்கு?"

"ஜூலைலேர்ந்துக்கா."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"எதுத்த வூட்லதானேடா இருக்குற!"

பளார் என்று கன்னத்தில் அறைந்தார். தோட்ட வேலை செய்த கை, காது அடைத்துவிட்டது. அவர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மைதானத்தைத் தாண்டிப் போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற ஆறு பேர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, சாகும்வரை இருக்கும். அக்கா மேல் மட்டும் இல்லை. ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம் தெருவைக் கடந்து அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் போகவில்லை.