நான்கு பட்டைகளும் ஒரு விவாகரத்தும்

கண்ணாடிக் கடைக்காரிக்கும் லிப்ட் மெக்கானிக்குக்கும் அன்று விவாகரத்துத் தீர்ப்பு. ஒரே வீட்டிலிருந்து இருவரும் தனித்தனியாகக் கிளம்புவதாக ஏற்பாடு. அவன் பஸ்ஸில், அவள் தன் மின்சாரச் சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய, பின்பக்கம் சாய்தளம் வைத்த வாடகை வேனில்.

விவாகரத்துக்குக் காரணம் குடியில்லை, கூத்தியில்லை. பாதுகாப்பு. கல்யாணமான புதிதில் அவன் நாற்காலியின் பேட்டரியைத் துடைத்து வைத்தபோது அவளுக்கு அது காதலாகத்தான் தெரிந்தது. பிறகு மேஜை முனைகளுக்கெல்லாம் ரப்பர் ஒட்டினான். அவள் கடையில் யாருக்காவது கண் சோதித்துக்கொண்டிருக்கும்போது போன் செய்து, "ஸ்பீடு கம்மியாத்தானே வச்சிருக்க?" என்று கேட்டான். ஒருநாள் குளியலறைக் கதவைத் தட்டி, "ஐயோ, விழுந்துட்டியா?" என்று அலறினான். உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தாள். மறுநாளே வக்கீலைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க என்னையா கட்டிக்கிட்டீங்க? இந்த நாற்காலியத்தான் கட்டிக்கிட்டீங்க. அதோடயே குடும்பம் நடத்துங்க" என்றாள்.

தீர்ப்பு நாளன்று வழக்கமான டிரைவருக்குக் காய்ச்சல். பதிலுக்கு வந்தவர் போன வாரம்வரை ரொட்டி வேன் ஓட்டியவர். அவளை ஏற்றி, நைலான் கயிற்றைச் சக்கரத்துக்குள் விட்டு ஒரு முடிச்சுப் போட்டார்.

"சரக்கு அசையாதுக்கா."

"நான் சரக்கா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற கணவன் இதைப் பார்த்தான். நமக்கென்ன என்று தெருமுனைவரை போனான். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்தான்.

"அண்ணே, சக்கரத்துல கட்டினா உருளாம என்ன செய்யும்? அடிச்சட்டத்துல கட்டணும். முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. பட்டையெல்லாம் அந்தப் பெட்டியில இருக்கும் பாருங்க."

"எனக்குக் கட்டத் தெரியாதே சார்."

"உங்கள யாரு கூப்பிட்டா?" என்றாள் அவள் கணவனிடம்.

"யாரும் கூப்பிடல."

"பஸ் போயிடும்."

"போகட்டும்."

கோர்ட்டுக்காக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வேன் தரையில் தவழ்ந்தான். நாற்காலி நேரே முன்பக்கம் பார்க்கிறதா என்று சரிபார்த்து, நான்கு பட்டைகளையும் மாட்டி இறுக்கினான். நாற்காலியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினான்.

"பவர ஆப் பண்ணு. கை பட்டு, ஓட்டுற ஸ்டிக் நகர்ந்துச்சுன்னா..."

"என் கை, என் ஸ்டிக். எனக்குத் தெரியும்."

"நாற்காலியோட இடுப்புப் பட்டை சும்மா நிமிர்ந்து உக்காரத்தான். வேன் பெல்ட்டையும் போடு. தோள் வழியா, இடுப்பெலும்பு மேல. வயித்து மேல வேணாம்."

"கைய எடுங்க. நானே போட்டுக்கறேன்."

நாற்காலியின் முதுகில் தொங்கிய பையையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினான். பிரேக் போட்டால் பறந்து வந்து மண்டையில் அடிக்குமாம். அவளுக்கு எரிச்சலே அதுதான்: அவன் சொன்ன அத்தனையும் சரி. தப்பாகப் பேசுகிறவனைத் திட்டலாம்; எப்போதும் சரியாகவே பேசுகிறவனோடு எப்படிக் குப்பை கொட்டுவது?

பஸ் போய்விட்டது. வேறு வழியில்லாமல் அவனும் அவளுக்கு முன்னாலிருந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்தானா? குட்டி போட்ட பூனை மாதிரி எழுவதும், திரும்புவதும், குனிந்து பட்டையைத் தொட்டுப் பார்ப்பதுமாக வந்தான். அப்படிக் குனிந்திருந்த நேரத்தில் சந்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார்.

நாற்காலி இம்மியும் நகரவில்லை. பெல்ட் அவள் தோளை ஒரு கடி கடித்துவிட்டு விட்டது. கணவன் மட்டும் பறந்துபோய் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைக் கொடுத்தான்.

"ஏங்க!" என்று கத்திவிட்டாள்.

அவன் நெற்றியைப் பிடித்தபடி தரையிலிருந்து தலையைத் தூக்கினான். "பட்டை தாங்குச்சு பாத்தியா?"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "ஊருக்குத்தான் உபதேசமா? ஒழுங்கா பெல்ட்டப் போட்டு உக்காருங்க!"

கோர்ட்டுக்குள் நுழைவதற்குள் நெற்றி எலுமிச்சம்பழமாக வீங்கிவிட்டது. நீதிபதி அம்மாள் அந்த வீக்கத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"இது எப்போ நடந்தது?"

"இப்பத்தாங்கம்மா, வர்ற வழியில. அவரே பண்ணிக்கிட்டது."

"ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா வந்தீங்க?"

"என்னைக் கட்டறதுக்கு வேற ஆள் இல்லைங்கம்மா."

"கட்டினவரே கட்டிக் கூட்டிட்டு வந்திருக்காரு. அவுத்துவிடறது மட்டும் நானா?" என்றார் நீதிபதி. அவிழ்த்தும் விட்டார்.

வெளியே வந்தபோது அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே, பல் பிடுங்கிய இடத்துக்கு நாக்கு போய்ப் போய் வருமே, அப்படியும் இருந்தது.

"அண்ணே, இப்ப நீங்களே கட்டுங்க, நான் சொல்றேன்" என்றாள் டிரைவரிடம். மாஜி கணவன் ஐஸ் சுற்றிய கைக்குட்டையை நெற்றியில் அழுத்திக்கொண்டு தள்ளி நின்றான். டிரைவர் மூன்று பட்டைகளைக் கட்டிவிட்டுக் கதவைச் சாத்தப் போனார். மாஜியின் உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"இன்னொண்ணு யாரு கட்டுவா?" என்றாள் அவள் டிரைவரிடம். அவனுக்கு மூச்சு வந்தது.

"வீட்டுக்குப் போனதும் ஒரு போன்..."

"பண்ண மாட்டேன்."

"சரி" என்றான். அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குக் குடிபோய்விட்டான்.

கொஞ்ச நாள் கழித்து அதே டிரைவர் கண் சோதிக்க அவள் கடைக்கு வந்தார். "கட்டறது எப்படின்னு எங்க டிரைவருங்க எல்லாருக்கும் சாரு வந்து சொல்லித்தர்றாருக்கா. ஒரு டீ கூடக் குடிக்க மாட்டேங்கறாரு. ஆனா வாயத் தொறந்தா மூடவும் மாட்டேங்கறாரு."

"அதுதாண்ணே அவருக்குக் கூலி. காதக் குடுங்க" என்று சிரித்தாள். "இப்ப கண்ணக் குடுங்க. அந்தப் பலகையில மேல் வரிசையப் படிங்க பாப்போம்."

டிரைவர் உற்றுப் பார்த்தார். "எந்தப் பலகைக்கா?"

அவள் சிரிப்பு நின்றது.

"வண்டிச் சாவிய இப்படி மேஜை மேல வைங்கண்ணே" என்றாள்.

கண்ணாடி தயாராகும்வரை அவர் பஸ்ஸில்தான் போய்வந்தார்.