எட்டும் பதினெட்டும்

யானையே இல்லாத பசிபிக் தீவான சமோவாவில் யானைக்காலுக்கு மட்டும் பஞ்சமில்லை. அங்கே கொசு பட்டப்பகலில் கடிக்கும். ஒருவன் இரத்தத்தில் இருக்கும் புழுக்குஞ்சை உறிஞ்சிக்கொண்டு போய் இன்னொருவன் உடம்பில் குடியேற்றும். ஒழிக்க வேண்டுமானால் ஊரில் எல்லாரும் மாத்திரை விழுங்க வேண்டும். இந்த "எல்லாரும்" என்பதில்தான் தெலேசியாவுக்குத் தலைவலி.

தெலேசியா சபுலேலே ஊரின் மகளிர் குழுத் தலைவி. ஊரில் குப்பைத்தொட்டி முதல் கழிப்பறை வரை அவளுக்குப் பயப்படும். ஆனால் போன வருஷம் அவள் கொடுத்த மாத்திரைகள் வாழையிலையில் சுருட்டப்பட்டு வீடு போய்ச் சேர்ந்தன. விருந்தில் கிடைத்த பங்கைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போவதுதான் அவ்வூர் மரியாதை. சபையிலேயே தின்று தீர்ப்பவன் பெருந்தீனிக்காரன். இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் இரத்தம் சோதித்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்குப் புழு. அதில் ஒருத்தி தெலேசியாவின் ஏழு வயது மகள் பெபே.

"இந்தத் தடவ என் கண்ணு முன்னால முழுங்கணும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டணும்" என்று அறிவித்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை சபை மண்டபத்தில் ஊரே கூடியது. ஊர்த்தலைவர் துயிஃபாவோ வாய் வைக்காமல் அங்கே யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆகவே எடை மிஷினில் முதலில் அவரை ஏற்றினார்கள். ஐம்பத்தைந்து கிலோ. மாத்திரை எட்டு.

அடுத்து ஏறியவன் லெமானா. தலைவர் சார்பில் சபையில் பேசும் பேச்சாளன், தெலேசியாவின் கணவன். மிஷின் முனகியது. நூற்றுமுப்பது கிலோ. மாத்திரை பதினெட்டு.

லெமானா பதினெட்டையும் உள்ளங்கையில் பரப்பி எல்லாருக்கும் காட்டினான். சும்மா இருந்திருக்கலாம்.

துயிஃபாவோ தன் எட்டைப் பார்த்தார். அவன் பதினெட்டைப் பார்த்தார். எட்டையும் பாயில் வைத்துவிட்டார்.

"பன்னி அறுத்தா இடுப்புக்கறி யாருக்கு?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான் ஐயா" என்றது சபை.

"அப்ப மாத்திரையில மட்டும் ஏன் இந்தத் தலைகீழ் நியாயம்?"

"இது எடைக்கணக்கு ஐயா" என்றாள் தெலேசியா. "மரியாதைக் கணக்கு இல்ல."

அவர் எழுந்து வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது விசேஷங்களுக்கு உடுத்தும் பரம்பரைப் பாய்கள் ஆறை இடுப்பில் சுற்றியிருந்தார். நடக்கவே முடியவில்லை. இரண்டு பேர் பிடித்து ஏற்ற, மிஷின் எழுபத்தொன்று காட்டியது.

"ஐயா, பாய்க்குப் புழு பிடிக்கல" என்றாள் தெலேசியா.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். லெமானாவின் தொப்பை குலுங்கியது.

"நீங்க முதல்ல வாய மூடிட்டு முழுங்குங்க" என்று அவன்மேல் பாய்ந்தாள் தெலேசியா.

"தலைவரு முழுங்காம நான் எப்படிடீ முழுங்குறது?"

அதுதான் சிக்கல். இருநூறு பேர் கையில் மாத்திரையோடு காத்திருந்தார்கள். சிலர் கை வாழையிலையைத் தேட ஆரம்பித்துவிட்டது. தெலேசியாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டின. தலைவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஐயா, கொசு பட்டம் கேட்டுக் கடிக்கிறதில்ல. எம்புள்ள மாத்திரை முழுங்கிடுவா. ஊரு முழுங்கலன்னா திரும்பவும் அதே புழுவ வாங்கிட்டு வந்து நிப்பா. அவ கால் வீங்கி நான் பாக்கணுமா?"

துயிஃபாவோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எண்ணிக்கை கிடக்கட்டும் தாயி. போன வருஷம் இந்த ஊருல ஒழுங்கா முழுங்கினவன் நான் ஒருத்தன்தான். மறுநாள் காய்ச்சல் தூக்கிப் போட்டுச்சு. உள்ள புழு செத்தாத்தான் அப்படிக் காயுமாமே? தலைவன் உடம்பெல்லாம் புழுன்னு ஊரு பேசுமே."

தெலேசியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பாய் சுற்றியதெல்லாம் விழுங்காமல் தப்பிக்கத்தானா!

"என்னைக் கடிச்ச கொசுதான் உம்மகளையும் கடிச்சிருக்குமோ?" என்று கேட்டார் அவர்.

"தெரியாதுங்கய்யா. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

கிழவர் எட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து இளநீரோடு விழுங்கினார். யாரும் கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினார். ஊர் முழுக்க நாக்குகள் தூக்கப்பட்டன. இருந்தும் நாற்பது பேர் நாளைக்கு வருகிறோம் என்று நழுவிவிட்டார்கள்.

மறுநாள் காலை அவர் பயந்தபடியே ஆயிற்று. துயிஃபாவோ போர்வைக்குள் கிடுகிடுவென்று நடுங்கினார். செய்தி அடுப்பங்கரை அடுப்பங்கரையாக ஓடியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தெலேசியா கணவனைத் தோளில் இடித்தாள்.

"நேத்து சிரிச்சீங்கல்ல? போயி அந்த மனுஷன் மானத்தக் காப்பாத்துங்க. பேசுறதுதானே உங்க தொழிலு?"

லெமானா கோலை ஊன்றிக்கொண்டு திடலில் நின்றான்.

"ஊராரே! நான் பதினெட்டுப் பேரை உள்ள அனுப்பினேன். எதிரியே இல்லாம சும்மா திரும்பிட்டானுங்க. நம்ம தலைவரு எட்டே எட்டுப் பேரை அனுப்பி, ஒரு பட்டாளத்தையே சாய்ச்சுட்டாரு! சண்டை நடக்குற உடம்பு சூடாகாம என்ன செய்யும்?"

மதியத்துக்குள் காய்ச்சல் கௌரவமாகிவிட்டது. நெற்றி ஜில்லென்று இருந்தவர்கள்கூட முக்கி முனகினார்கள். நழுவிய நாற்பது பேரும் தெலேசியா வீட்டு வாசலில் வந்து, எங்கள் சண்டை எங்கே என்று கேட்காத குறையாக நின்றார்கள். கடைசி ஆள் நாக்கைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அவள் மாத்திரை டப்பாவை மூடினாள்.

பெபேயை மடியில் போட்டுக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைக்கும் காய்ச்சல். துயிஃபாவோ போர்வையோடு தள்ளாடி வந்து, தலைவர் மட்டுமே சாயும் தூணில் சாய்ந்துகொண்டார்.

"உனக்குக் காய்ச்சல் எவ்வளவு?" என்று பெபேயிடம் கேட்டார்.

"முப்பத்தெட்டரை டிகிரி. உங்களுக்கு?"

"முப்பத்தெட்டு."

கிழவர் யோசித்தார். போர்வையை இழுத்துக்கொண்டு மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தார்.

"அப்ப நீ வந்து இங்க சாஞ்சுக்க, தாயி" என்றார்.