பக்மிக் காய்

சாமிப் படத்தடியில் இருந்த கறுப்பு உருண்டையைக் கோகிலா கழுவித்தான் கொடுத்தாள். ஆறு வருடம் பொட்டு வைத்தது. இடுக்குகளில் ஒட்டிய குங்குமம் போகவில்லை. மாணிக்கக்கல் தோண்டும் குழிகளில் கிடைக்கும், கல்லாகிப்போன பழங்காலக் காய்களைத் தேடிக் கொடகவெலப் பக்கம் தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்த பஹ்மா மிஸ், அதைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

புருஷன் இந்திரகுமார் தான் வேலை செய்த குழியிலிருந்து கொண்டுவந்தது. "அதிர்ஷ்டம் புள்ள, சாமிகிட்ட வை" என்றான். அடுத்த வாரம் அதே குழி சரிந்து அவனை மூடிவிட்டது. அன்று காலை அவன் மறந்துவிட்டுப் போன சோற்றை எடுத்துக்கொண்டு கோகிலா குழியோரம் போயிருந்தாள். பொம்பளை நிழல் மாணிக்கக் குழியில் விழக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? பசியோடு கிடப்பானே என்ற பதைப்பு, பாவம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மாமியார் ஜெயம்மா அன்றிலிருந்து இவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அதைவிடக் கொடுமை, ஊர் சொன்னதைக் கோகிலாவும் நம்பினாள்.

"இது வெறும் கல் இல்ல, கல்லாகிப்போன காய். வெளிநாட்டுல பிளேன்னு ஒரு மரம், அதோட காய் இப்படித்தான் கல்லாகிக் கிடைக்கும். நானும் மொதல்ல அதுன்னு நெனச்சிட்டேன். இது நம்ம பக்மி, ஆத்தோரத்து மரம்" என்றார் மிஸ். "குழியில எந்த எடத்துல இருந்திச்சாம்?"

"செவத்துலன்னு சொன்னாருங்க."

"உதிராம முழுசா இருக்கு, உள்ளுக்கெல்லாம் ஆத்து மணல். விழுந்த எடத்துலயே மூடிப்போயிருக்கு. ஒரு காலத்துல அங்க ஆறு ஓடியிருக்கும்மா. மணல் செவரு நிக்காது, என்னைக்கின்னாலும் சரியும்."

கோகிலா நிமிர்ந்தாள். "பொம்பள கிட்டப் போகாட்டியுமா மிஸ்?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஜெயம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

கோகிலா அழுதாள். ஆறு வருடத்துப் பாரம் இறங்கிய அழுகைதான். ஆனால் அது முடிவதற்குள் இன்னொன்று வந்து நெஞ்சில் ஏறியது. "ஒரு வாரம் வீட்டுலயே கெடந்துச்சே மிஸ்! தெரிஞ்சிருந்தா அவர எறங்க விட்டிருப்பேனா? பூ வச்சுக் கும்புட்டேனே!"

மிஸ் காயை மேசையில் வைத்தார்.

கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். ஜெயம்மா மெல்ல வந்து, தன் கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினாள். கிழவி அதைக் கையில் எடுத்தாள், குடிக்கவில்லை; மகன் கொண்டுவந்த காயையே பார்த்தாள். மேசைமேல் கிடந்த காயின் இடுக்கில் குங்குமம் ஈரத்தில் ஊறிச் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது.